சட்டத்தில் காணாத வீட்டுக் கதவு

மதுவிலக்கு எங்கள் பக்கம் வந்த மறு வருஷம் என் வீட்டைச் சோதனை போட்டார்கள். காரிமங்கலத்துக்கு மேற்கே மானாவாரிக் காட்டை நம்பிய ஊர் எங்களுடையது. நான் அப்போது தனியாக இருந்தேன். தனி ஆளுக்குத் தினம் உலை வைக்க மனம் வராது. சந்தை நாளில் கேழ்வரகுக் களி கிண்டி, உருட்டித் தண்ணீரில் போட்டு, தீரும்வரை கரைத்துக் குடிப்பேன். அதன் புளிப்பு வாடை தெருவரை போகும். அதைச் சாராய ஊறல் என்று யாரோ போலீசில் சொல்லிவிட்டார்கள்.

மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அதனால் மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். பேச்சே இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லை என்று அவள் போய்விட்டாள். எங்கள் சாதியில் வாழப் பிடிக்காத பெண் தாலியைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் ஊர்க் கூட்டத்தில் காரணம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் எனக்கு நாக்கு எழாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு மத்தியானம் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதைக் கேழ்வரகுப் பானைக்குள் போட்டு வைத்தேன்.

வந்த ஏட்டையா மோசமானவர் இல்லை. உள்ளூர் ஆள் இருவர் சாட்சிக்கு வேண்டும் என்று பக்கத்து வீட்டு வண்டிக்காரரையும் மளிகைக்கடைக்காரரையும் கூப்பிட்டார். போலீசே எதையாவது கொண்டுவந்து வைத்துவிடக் கூடாது என்பதற்காக, என் நன்மைக்கு வைத்த விதியாம். பிறகு களித் தண்ணீரை மோந்து பார்த்தார்.

"என்னய்யா இது, மாட்டுக்கு வெச்சதா?"

"எனக்குத்தானுங்க."

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். "ஏட்டையா, இதக் குடிச்சா போதை வராதுங்க. வயித்தாலதான் போவும்."

ஏட்டையா அதோடு போயிருக்கலாம். கேழ்வரகுப் பானையையும் கவிழ்க்கச் சொன்னார். தானியத்தோடு மஞ்சள் கயிறும் தாலியும் விழுந்தன. "ஒண்ணுமில்ல, அள்ளி வை" என்று ஏட்டையா வெளியே போனார். சாட்சிகளும் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

அவர்கள் சொல்லிவிடுவார்களா என்பதுதான் அதன் பிறகு எனக்கு யோசனை. அதுவரை கிணற்றடியில் பெண்கள், "சம்சாரம் எப்ப வருதுங்க?" என்று கேட்பார்கள். அந்த நாளுக்குப் பிறகு ஒருத்தியும் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போவதை நிறுத்தினேன். உப்பு புளிகூடத் தருமபுரியில் வாங்கி வந்தேன். யுத்த காலத்தில் வண்டிக்காரர் இறந்தபோது, கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

சுதந்திரம் வந்தது. டெல்லியில் அரசியல் சட்டம் எழுதுகிறார்கள் என்று மளிகைக்கடைக்காரர் சாயங்காலங்களில் பேப்பரை உரக்கப் படிப்பார். வாங்க எதுவும் இல்லாமல் நானும் தள்ளி நின்று கேட்கத் தொடங்கினேன். ஒரு நாள் எல்லாரும் போன பிறகு கேட்டுவிட்டேன்.

"வூட்டுக்குள்ள யாரும் வந்து பொரட்டிப் பாக்கப்படாதுன்னு அதுல ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?"

அவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேசறதுக்குப் போட்டிருக்குதுங்க. சாமி கும்புடறதுக்குப் போட்டிருக்குது. உசுருக்குப் போட்டிருக்குது. வூட்டுக் கதவப் பத்தி ஒண்ணும் காணமுங்க." கொஞ்சம் யோசித்தார். "ஆனா உசுருன்னு போட்டா வூடும் அதுக்குள்ள வராதுங்களா? உசுர வெச்சிக்கிட்டு மனுசன் ரோட்டுலயா குந்தியிருப்பான்?"

நாலாம் வகுப்போடு நின்ற நானும் பேப்பரை எட்டிப் பார்த்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்குப் பாத்தத வண்டிக்காரன் சாகற வரைக்கும் வாயத் தொறக்கலைங்க."

"நீங்க?"

"எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொன்னனுங்க. அந்த மனுசன்கிட்ட யாரும் கேட்டுப் போடாதீங்கன்னு அவதான் பொம்பளைங்ககிட்டச் சொல்லி வெச்சா."

ஆக, ஊருக்கே தெரியும். தெரிந்துதான் இத்தனை வருஷம் கேட்காமல் இருந்திருக்கிறார்கள். என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாளு வூட்டுப் பக்கம் வரட்டுங்களா? சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்" என்றார்.

வாங்க என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"ஓடு மாத்தணுமுங்க. மாத்திட்டுச் சொல்றனுங்க" என்றேன்.

"சரிங்க" என்று பேப்பரை மடித்தார். என் வீட்டு ஓடு நன்றாகத்தான் இருந்தது.