முதல் வட்டில்

விளக்கு வைத்த கையோடு மணிமேகலை தன் வட்டிலை எடுத்துக்கொள்கிறார். சாமைச் சோறு, மேலே கீரைக் கடைசல், ஓரத்தில் கொஞ்சம் அவித்த கடலை. கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, அவசரமில்லாமல் பிசைகிறார். கணவர் இன்னும் தோட்டத்திலிருந்து வரவில்லை. மாமியார் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசலில் யாராவது வந்து நின்றாலும் மணிமேகலை எழுந்திருப்பதில்லை. "வாங்க, உக்காருங்க. சாப்புட்டு வந்துடறேன்" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுக்கிறார். சாப்பிட்டு முடித்து வட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால், அதற்கப்புறம் யார் எதை நீட்டினாலும் ஒரே பதில்தான். "கடை சாத்தியாச்சுங்க."

இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நல்லம்பள்ளியில் எங்கள் தெருவில் இது கொஞ்ச காலம் பெரிய பேச்சாக இருந்தது. வீட்டு ஆண்பிள்ளை கை நனைப்பதற்கு முன்னால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மருமகள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்றால் சும்மாவா? நான் அந்த வீட்டு மாடியில் குடியிருப்பவள். மின்வாரிய அலுவலகத்தில் வேலை. அவர் தாளிக்கும் வாசனை என் ஜன்னலுக்குத்தான் முதலில் வரும். அதனால் இந்தக் கதை எனக்கு அடியிலிருந்து தெரியும்.

மணிமேகலைக்கு ஐம்பதை நெருங்கும் வயது. வீட்டுக்குப் பின்னால் தக்காளித் தோட்டம். வாசலில் ஒரு குட்டியானை, சின்னச் சரக்கு வண்டி. பறித்த தக்காளியைப் பெட்டி பெட்டியாக அடுக்கி விடியுமுன் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போவது அவர்தான். கணவர் மாதவராஜுக்கு வண்டி ஓட்ட வராது. பயம் என்று மணிமேகலை சொல்வார். பொறுமை இல்லை என்று அவர் சொல்வார். தன் தோட்டத்துக் காய் இல்லாத நாளில் மணிமேகலை அக்கம்பக்கத்துக் காயை ஏற்றிப் போவார். ஹாரன் அடிப்பது அவருக்குப் பிடிக்காது. ஆடு மாடு குறுக்கே நின்றால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கதவில் தட்டுவார். மேட்டில் வண்டி திணறினால் அதனிடம் பேசுவார். "ஏறு சாமி, உனக்கு மட்டுமா பாரம்." மார்க்கெட்டில் அவருக்குப் பெயர் வண்டிக்காரம்மா.

முன்பெல்லாம் அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் அவர். கணவருக்குப் போட்டு, படித்துக்கொண்டிருந்த மகன் கோகுல்ராஜுக்குப் போட்டு, மாமியார் சின்னம்மாளுக்குப் போட்டு, அடுப்படியைத் துடைத்து முடிக்கும்போது தெருவே அடங்கியிருக்கும். அப்புறம் பாத்திரங்களுக்கு நடுவில் உட்காருவார். குண்டானில் ஒட்டின களி, குழம்பின் அடி, மகன் மிச்சம் வைத்த சோறு, எல்லாம் அவருக்கு. "கொட்டறதுக்கு மனசு வராதுங்க. என் வயிறுதான் எங்கூட்டுக் குப்பத்தொட்டி" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அது முடிந்ததும் டிவி முன்னால் முறுக்கு டப்பா, பெரிய டம்ளரில் காபி. கடைசி வாய் காபி இறங்குவதற்குள் பாயில் சாய்ந்துவிடுவார்.

சாய்ந்தால் தூக்கம் எங்கே வரும்? தொண்டைக்குப் புளிப்பாக எதுக்களிக்கும். தலையணையை இரண்டாக்கிப் பாதி உட்கார்ந்தபடி கிடப்பார். குறட்டை மாடிவரை கேட்கும். சிறுநீருக்கு எழுவார், மறுபடி படுப்பார், கண் அசரும் நேரத்தில் பெட்டி ஏற்ற ஆள் வந்துவிடும். பகலெல்லாம் கொட்டாவி. "தூக்கத்த விரட்டறதுக்கு போண்டா தின்னேன். அந்த போண்டாவே தூக்கத்தக் கூட்டியாந்துச்சு." உடம்பு ஏறியது. வயிறு ஸ்டீயரிங்கில் உரசுகிறது என்று சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டார். மறுபடியும் உரசியது.

ஒரு விடியற்காலை, பாலக்கோட்டுக்கு முன்னால் ஒரு வளைவில், வண்டி வளையாமல் நேராகப் போய்ச் சரிவில் இறங்கிப் புளியமரத்தில் இடித்து நின்றது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர்கள்தான் அவரை வெளியே எடுத்தார்கள். நெஞ்சில் ஊமைக்காயம், வேறொன்றும் இல்லை. சாலை முழுக்கத் தக்காளி நசுங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஆள் போய்விட்டதென்றே அவர்கள் நினைத்தார்களாம். வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணத்தை அவருக்காக எடுத்துக் கொடுத்தார்கள். நாய் குறுக்கே வந்திருக்கும், எதிர் லைட் கண்ணைக் கூசியிருக்கும், டயர் இழுத்திருக்கும். மணிமேகலை எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. "ஒண்ணும் குறுக்க வரலீங்க. நான் தூங்கிட்டேன்." எனக்கு அவர்மேல் மதிப்பு பிறந்தது அன்றைக்குத்தான்.

"இனிமே நீ அந்த வண்டியத் தொடாத" என்றார் மாதவராஜ். அவர் கோபக்காரர் இல்லை. அன்றைக்குப் பயந்துபோயிருந்தார். வண்டி சரியாகி வந்ததும் சாவி அவர் சட்டைப்பைக்குப் போனது. ஓட்டுவதற்குக் கூலிக்கு ஒரு ஆள் வந்தார். மணிமேகலை மாடிக்கு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "எறங்கினா நான் பொண்டாட்டி, மருமவ, ஆத்தா. அதுல ஏறினாத்தாங்க நான் மணிமேகலை."

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயது. ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். பிறகு இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்கம்மா? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சுப் படுப்பீங்க?"

"வட்டில் காயறதுக்குள்ள படுத்துடுவேங்க."

டாக்டரம்மா சிரித்தார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். வயிறு நிறைய வைத்துக்கொண்டு படுத்தால் உள்ளே இருக்கும் புளிப்பு மேலே ஏறும்; ஏறும்போதெல்லாம் தூக்கம் கலையும், கலைந்தது நமக்கே தெரியாது; தூக்கம் போதாத உடம்பு மறுநாள் கூடுதலாகத் தின்னக் கேட்கும்; காபி வேறு தூக்கத்தைத் தள்ளி நிறுத்தும். "படுக்கிறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே முடிச்சிடுங்க. அளவாச் சாப்பிடுங்க. காபி மத்தியானத்தோட போதும். மாத்திரை கொஞ்ச நாளைக்குத் தரேன், அடுத்த மாசம் வாங்க."

திரும்பும் பஸ்ஸில் மணிமேகலை மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும் நேரத்தில் சொன்னார். "மாத்திர திங்கறது சுளுவுங்க. மொதல்ல திங்கறதுதான் கஷ்டம்."

மறுநாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சமையலை முடித்து, முதல் ஆளாக வட்டிலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். அன்றைக்கு என்னையும் கீழே வந்து இருக்கச் சொல்லியிருந்தார். தைரியத்துக்கு என்று நினைக்கிறேன்.

"ஏம்மா மணி, ஆம்பள இன்னும் வூடு வரல. நீ வட்டில எடுத்துட்ட" என்றார் சின்னம்மாள்.

"பசிக்குது அத்த."

"எங்க காலத்துல ஆம்பள கை கழுவாம நாங்க வட்டிலத் தொட்டது கெடையாது."

"ஆமாங்க அத்த. அதனாலதான் ராவெல்லாம் நெஞ்சு எரியுதுன்னு சோடா உப்பக் கரைச்சுக் குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

சின்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதிச் சாப்பாட்டில் மாதவராஜ் வந்தார். தோளில் துண்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மணிமேகலை நிமிர்ந்து பார்த்து, "குழம்பு அடுப்புல சூடா இருக்குது. நீங்களே போட்டுக்கறீங்களா, நான் முடிச்சிட்டு வரட்டுங்களா?" என்றார். மாதவராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு பரோட்டாக் கடைக்குப் போய்விட்டார். மணிமேகலை வட்டிலை விட்டு எழவில்லை. பிற்பாடு சொன்னார்: "சோறு உள்ளயே எறங்கலீங்க. ஆனா அன்னிக்கு எந்திரிச்சிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும்."

பரோட்டாக் கடைச் சாப்பாடு கொஞ்ச நாள் நடந்தது. மணிமேகலை கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. தினமும் சுடச்சுடச் சமைத்து மூடி வைத்தார். வயிறு கெட்டுப்போய் ஒருநாள் மாதவராஜ் தானாகவே கரண்டியை எடுத்தார். இப்போது அவரே போட்டுக்கொள்கிறார், அடுப்பு மேடையெல்லாம் சிந்திக்கொண்டுதான். மிச்சம் விழுவது கொல்லையில் நிற்கும் எருமையின் கழுநீர்த் தொட்டிக்குப் போகிறது. "எருமைக்குப் போட்டா பால் ஆவுது. எனக்குப் போட்டா இடுப்பு ஆவுது" என்பது மணிமேகலையின் கணக்கு.

எல்லாம் ஒரே நாளில் படியவில்லை. காபியை விட்ட வாரம் தலைவலியோடு திரிந்தார். டிவி போட்டதும் கை தானாக டப்பாவைத் தேடியது. "அது பசி இல்லீங்க, பழக்கம்" என்று சொல்லி, முறுக்கு டப்பாவை மாடிக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க." வந்து கேட்டார். முதல் தடவை மறுத்தேன்; அடுத்த தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். மாம்பழ சீசன் வந்தபோது கடை பல நாள் சாத்தவே இல்லை. காலையில் அவரே வந்து, "நேத்து ரெண்டு பழம் உள்ள போயிடுச்சுங்க, ராவு பூரா கோட்டான் மாதிரி முழிச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே பழையபடி ஒழுங்குக்குத் திரும்பினார். தவறினதை மறைக்காத மனிதர்களுக்குத் திரும்பி வருவதும் எளிது போலும்.

சாவி திரும்பின கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒருநாள் விடியலில் மூக்குக்குக் கீழே எதுவோ குறுகுறுத்து விழித்தாராம். பார்த்தால் மாதவராஜ் குனிந்து, அவர் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல. சத்தமே காணோமேன்னு பாத்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து குறட்டையோடு படுத்துப் பழகிய மனிதர், அது நின்றதும் பதறிப்போயிருக்கிறார். அன்று காலையில் மணிமேகலை குளித்துவிட்டு வந்தபோது, வண்டிச் சாவி அடுப்பு மேடைமேல் இருந்தது. அவர் எடுத்துக்கொண்டார். கூலிக்கு வந்த ஆளுக்குப் பக்கத்து ஊரில் வேறு வண்டியும் பார்த்துக் கொடுத்துவிட்டார்.

மணிமேகலை ஒல்லியாகிவிடவில்லை. ஆனால் சீட்டை மறுபடி முன்னால் தள்ளியிருக்கிறார். வளையல் முழங்கைவரை ஓடுகிறது. சர்க்கரை எல்லைக்கோட்டுக்குள்ளே இறங்கிவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். சின்னம்மாள் இன்றுவரை மருமகள் செய்வது சரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. "ராத்திரியில கண்ணு தெரியல, எறும்பு கெடந்தாலும் தெரியாது" என்று சொல்லித் தனக்கும் களியை வெளிச்சத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறார். சோடா உப்புப் பொட்டலம் இப்போது வீட்டில் வாங்குவதில்லை.

போன தை மாதம் கோகுல்ராஜுக்குக் கல்யாணம். பெண் காவியாவுக்கு அரூர். மறுவீட்டு விருந்துக்கு என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். அரூர் போய்ச் சேர்ந்து பேசிச் சிரித்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. கூடத்தில் ஆண்களுக்கு முதல் பந்தி போட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்க்குக் கட்டிலருகே தனியாக ஒரு இடம். மணிமேகலை அங்கே உட்காராமல் இலையை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். காவியாவின் அம்மா நிர்மலாதேவி அடுப்பு முன்னால் வேர்த்து நின்றுகொண்டிருந்தார். விடியலில் இருந்து நின்ற கால் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அய்யோ அண்ணி, இங்க வந்துட்டீங்களே. உங்களுக்குச் சாப்புடற நேரமாச்சுன்னு காவியா சொன்னா" என்று பதறி, மணிமேகலை தரையில் விரித்த இலையில் சோறும் கறிக்குழம்பும் போட்டார்.

மணிமேகலை பக்கத்தில் இன்னொரு இலையை விரித்தார். "நீங்களும் உக்காருங்க."

"நான் கடைசியில சாப்புட்டுக்கறேன் அண்ணி. ஆம்பளைங்களுக்கு ரசம் போவணும்."

மணிமேகலை கூடத்தின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "கோகுலு, வந்து ரசத்த எடுத்துட்டுப் போ." பந்தியிலிருந்து புதுமாப்பிள்ளை எழுந்து வந்தான். அவன் கையில் ரச வாளி போனதைப் பார்த்து நிர்மலாதேவிக்கு நிற்பதா, உட்காருவதா என்று தெரியவில்லை. அடுத்து மோர் இருக்கிறது, பாயசம் இருக்கிறது என்று ஏதேதோ சொன்னார்.

வெளியே இருட்டிவிட்டது. தெருவிளக்கு எரிந்தது. இலையில் சோற்றின் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. கணவருக்காகவோ விருந்தாளிக்காகவோ ஒரு கவளத்தை நிறுத்தாத மணிமேகலை, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். வற்புறுத்தவில்லை. நிர்மலாதேவியின் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசியில் நிர்மலாதேவி அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். மணிமேகலை எட்டிக் கரண்டியை எடுத்து அந்த வெறும் இலையில் சோற்றை வைத்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றினார். நிர்மலாதேவி முதல் வாய் எடுக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, ஆறிப்போயிருந்த தன் சோற்றில் கை வைத்தார்.