ஆடியும் சஃபரும் சேர்ந்து முடிவுசெய்த ஆப்பிரிக்கா

ஆகஸ்டில் கென்யா போவதாகத்தான் இருந்தோம். பிப்ரவரியில் தான்சானியா போய்விட்டு வந்தோம். நடுவில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் ஆப்பிரிக்காவில் விலங்கு பார்க்க எந்த நாட்டுக்குப் போவது என்று மண்டையைக் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு விஷயமே அதில்தான் இருக்கிறது. அதனால் முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

நானும் நஸ்ரீனும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி. நான் தையல் பிரிவில் சூப்பர்வைசர். அவள் கடைசி மேசையில் செக்கிங். ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கீறலோ பிசிறோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். குறையே இல்லாவிட்டால் பாஸ், சரிசெய்ய முடிந்தால் ரீவொர்க், முடியாவிட்டால் ரிஜெக்ட். என் லைனிலிருந்து போன ஷூக்களில் அவள் ஒட்டிய அம்புகளை வைத்து ஒரு பாரதப் போரே நடத்தியிருக்கலாம். அப்படிச் சண்டையில் ஆரம்பித்த சிநேகம்தான், இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

அவளுக்குக் கணவர் இல்லை. ஒரே மகன், கனடாவில் இருக்கிறான். அங்கேயே வந்துவிடச் சொல்லி நாலு வருஷமாக நச்சரித்து, போன வருஷம் பேப்பர்களும் வந்துவிட்டன. அடுத்த ரம்ஜான் முடிந்ததும் கிளம்புவது என்று முடிவானது. எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஆனால் என்னை யார் கேட்டார்கள்? போவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஒரு பெரிய பயணம் போய்வருவது என்று மட்டும் பிடிவாதமாக நின்றேன்.

"எங்கடி போலாம்?" என்றேன். சிங்கப்பூர் என்பாள் என்று பார்த்தேன்.

"இத்தினி வருஷமா தோலாவே பாத்துட்டோம். ஒரு தபா தோலு மிருகத்து மேல இருக்கும்போது பாக்கணும்" என்றாள்.

"அதுக்கு ஒடுகத்தூர் சந்தைக்குப் போனா போதாதா?"

"அது நாம செருப்பு பண்ற ஆடு மாடு. யாரும் செருப்பு பண்ண முடியாத மிருகமா பாக்கணும்டி."

ஆப்பிரிக்கா இப்படித்தான் முடிவானது. ஆனால் ஆப்பிரிக்கா என்பது நம்ம பழைய வேலூர் மாவட்டம் மாதிரி ஒரே மூச்சில் சுற்றிவிடும் இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் சாலைகள் அருமை, வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு போய் விலங்குகளைப் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் இருவருக்கும் ஸ்கூட்டிக்கு மேல் தெரியாது. போட்ஸ்வானாவில் கூட்டம் குறைவு, விலையோ தலை சுற்றுகிறது. உகாண்டாவில் கொரில்லா பார்க்கலாம், ஆனால் மலைக்காட்டில் மணிக்கணக்கில் ஏற வேண்டும். நின்றுகொண்டே வேலை செய்த முட்டி நஸ்ரீனுக்கு. அது சோளிங்கர் மலைக்கே ரோப் கார் கேட்கிறது.

மிச்சம் இருந்தது கென்யாவும் தான்சானியாவும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடுதான், விலங்குகளுக்கு அந்தக் கோடு தெரியாது. 'வைல்டுபீஸ்ட்' என்று ஒரு மிருகம். மாட்டின் உடம்பு, குதிரையின் வால், தாத்தாவின் தாடி. லட்சக்கணக்கில் சேர்ந்து புல்லைத் தேடி வருஷம் பூராவும் வட்டமடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஆற்றைக் கடந்து கென்யாவின் மசாய் மாராவுக்குள் வரும். இணையத்தில் எல்லாரும் அதைத்தான் போற்றிப் புகழ்கிறார்கள். நாங்களும் ஆகஸ்ட் என்று குறித்துவிட்டோம்.

வீட்டில் சொன்னேன். என் கணவருக்குக் குடியாத்தத்தில் லுங்கித் தறி. தறியை நிறுத்தாமலே, "ஆடி மாசத்துலயா? சொந்தக்காரங்க காதுல விழுந்தா சிரிப்பாங்க. ஒரு மாசம் தள்ளிப் போயேன்" என்றார். சரி, ஆடி முடிந்து போகலாம் என்று நஸ்ரீனுக்குப் போன் செய்தால் அங்கே அதைவிடப் பெரிய பஞ்சாயத்து. அந்த ஆகஸ்ட் அவர்களுக்கு சஃபர் மாதம். அந்த மாதத்தில் வெளியூர் கிளம்புவது பீடை என்று பழைய ஆட்களிடம் ஒரு நம்பிக்கை. தன் இளைய மகன் வீட்டில் இருக்கும் நஸ்ரீனின் மாமியார் அங்கிருந்தே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார்: "சஃபர்ல சஃபராம்மா? வேணாம்."

உருதுவில் சஃபர் என்றால் பயணம். மாதத்தின் பெயரும் காதுக்கு அதே மாதிரிதான் விழும். "மார்க்கத்துல அப்டி ஒண்ணும் கெடையாதுடி. ஆனா நான் ஊர விட்டே போற நேரத்துல அவங்க மனச நோவடிக்க மாட்டேன்" என்றாள் நஸ்ரீன். ஆகஸ்டை அடித்துவிட்டோம்.

சென்னையில் இருக்கும் டிராவல் ஏஜென்டுக்கு அவளே போன் போட்டு, "சஃபர்ல வர முடியாதுங்க" என்றாள். அவர் கொஞ்சம் உருது தெரிந்தவர் போலிருக்கிறது. "சஃபருக்கே வர முடியாதுன்னா எதுக்கு மேடம் பேக்கேஜ் கேக்கறீங்க?" என்று கேட்டுவிட்டார். ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லியே சாப்பாட்டு மேசையில் சிரித்தோம்.

ஆடி, சஃபர் இரண்டும் கழிந்தால் எங்களுக்கு ஷிப்மென்ட் சீசன், லீவு கிடைக்காது. ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பிப்ரவரியின் ஆரம்பம்தான் மிஞ்சியது. நஸ்ரீன் அழாத குறை. "எல்லாரும் பாக்கற டைம்ல நமக்கு குடுத்து வெக்கல" என்றாள். அப்போதுதான் ஏஜென்ட் ஒரு விஷயம் சொன்னார். பிப்ரவரியில் அந்தக் கூட்டம் கென்யாவிலேயே இருக்காதாம். தான்சானியாவின் தெற்கு செரெங்கெட்டி பக்கம், நுடுட்டு என்ற சமவெளியில் இருக்குமாம். குட்டி போடுவதற்காக.

நஸ்ரீன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "குட்டியாடி?" என்றாள். நாடு முடிவாகிவிட்டது.

ஆம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் காரில் சுமார் 185 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். அங்கிருந்து துபாய், துபாயிலிருந்து கிளிமஞ்சாரோ. இறங்கி ஒரு மணி நேரத்தில் அருஷா நகரம். அங்கே எங்களை அழைத்துப்போக வந்த டிரைவர், வழிகாட்டி எல்லாம் ஒருவரே. பெயர் ஜுமா, நஸ்ரீன் வீட்டில் வெள்ளிக்கிழமைக்குச் சொல்கிற அதே வார்த்தை. "வெள்ளிக்கிழமை பொறந்தீங்களா?" என்று நஸ்ரீன் ஆங்கிலத்தில் கேட்டதும் மனிதர் வண்டியை ஓரம் கட்டாத குறைதான். எப்படித் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு அந்த ஜீப்பில் எனக்கு இடமில்லை. அவர் காலையில் 'ஹபாரி' என்று நலம் விசாரித்தால் இவள் "கபர்! நம்ம கபர்தான்டி!" என்று துள்ளுவாள். உருதுவில் கபர் என்றால் சேதி. அவர் மொழியிலும் உலகம் துனியா, புத்தகம் கிதாபு, டீ சாய். எல்லாம் அந்தக் காலத்தில் அரபு, பாரசீக வியாபாரிகள் இரண்டு கரையிலும் இறக்கிவிட்டுப் போன சரக்கு. நடுவில் உட்கார்ந்து நான் மட்டும் பேந்தப் பேந்த விழித்தேன்.

"சஃபாரின்னா எங்க மொழியில சிங்கம் பாக்கறது இல்லை" என்றார் ஜுமா. "பயணம், அவ்வளவுதான். என் மனைவி சந்தைக்குப் போனாலும் சஃபாரிதான்."

"அப்ப கனடாவும் சஃபாரிதான்" என்றாள் நஸ்ரீன். நான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

முதல் இரவு கரட்டு என்ற சிற்றூரில் தங்கல். அருஷாவிலிருந்து 140 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை, மூன்று மணி நேரம். இராச்சாப்பாட்டுக்கு 'பிலாவு' வந்தது. பட்டை, கிராம்பு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நஸ்ரீன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரீவொர்க்" என்றாள். ஆம்பூர்க்காரியிடம் பிலாவை நீட்டினால் வேறென்ன கிடைக்கும்!

மறுநாள் நுகொரோங்கோரோ மலை ஏறி நுடுட்டுவுக்கு இறங்கினோம். வழி கரடுமுரடு, நாலு மணி நேரம் ஜீப் நம்மைக் குலுக்கி எடுக்கும். முதுகுவலிக்காரர்கள் ஒரு சின்னத் தலையணை எடுத்துப் போங்கள். போகிற வழியிலேயே விலங்குகள் ஆரம்பித்துவிட்டன, நஸ்ரீனின் செக்கிங்கும் ஆரம்பித்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் உண்ணி கடித்த தடம், யானையின் காதில் கிழிசல், வரிக்குதிரையின் பின்தொடையில் நீளமான கீறல். கைப்பையில் அந்த அம்பு ஸ்டிக்கர் ரோல் வேறு இருந்தது. பழக்கத்தில் எடுத்து வந்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் காட்டி "ரிஜெக்ட்" என்றாள். காது கிழிந்த யானையைக்கூட விடவில்லை. ஜுமாவுக்கு விளக்கிச் சொன்னேன். அந்தக் கீறல் சிங்கம் போட்டது, அதிலிருந்து தப்பித்த வரிக்குதிரை அது என்றார். நஸ்ரீன் திரும்பி இன்னொரு தரம் பார்த்தாள். "சரி, ரீவொர்க்" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில்தான் அதைப் பார்த்தோம். நுடுட்டுவில் ஜீப் தடத்தை விட்டுப் புல்வெளியில் போக அனுமதி உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் வைல்டுபீஸ்ட். எங்களுக்கு ஐம்பதடி தூரத்தில் ஒன்று குட்டி போட்டது. ஈரத்தோடு புல்லில் விழுந்து கிடந்தது குட்டி. தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. ஜுமா இடப்பக்கம் கையைக் காட்டினார். ஒரு கழுதைப்புலி நின்றிருந்தது. அவசரமே இல்லாமல் எங்களைப் போலவே அதுவும் பார்த்துக்கொண்டிருந்தது.

"குட்டி சீக்கிரம் எழுந்து ஓடினால் பிழைக்கும்" என்றார் ஜுமா மெதுவாக.

குட்டி எழுந்தது. நாலு காலும் நாலு பக்கம் போக, விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. நஸ்ரீன் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்றாள். நானும் முருகா என்றேன். கழுதைப்புலி கொஞ்சம் கிட்டே வந்தது. குட்டி இன்னொரு தரம் எழுந்து, ஆடி, நின்றது. தாய் நகர்ந்தது. குட்டியும் நகர்ந்தது. அப்புறம் இரண்டும் ஓடின. கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்ததும் எது எங்கள் குட்டி என்றே தெரியவில்லை.

"பாஸ்" என்றாள் நஸ்ரீன். இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து யோசிக்காமல் வந்த முதல் பாஸ் அதுதான். நான் கைதட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்க குட்டி அம்மா பின்னாடி ஓடுது. எங்க வீட்ல அம்மா குட்டி பின்னாடி ஓடுறா. எனக்கு பயமா கீதுடி வசந்தி" என்றாள்.

அப்போது "போகாதே" என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. ஒரு வருஷமாக அதைச் சொல்லத்தானே காத்திருந்தேன். ஆனால் அந்தக் குட்டி விழுந்து விழுந்து எழுந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. "ரெண்டு தபா விழுவ. அப்பறம் நிப்ப" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜுமா ரொம்ப நேரம் வண்டியைக் கிளப்பவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நாட்டை முதலில் தேடாதீர்கள். உங்களால் எந்த மாதம் போக முடியும் என்று பாருங்கள், அந்த மாதத்தில் விலங்குகள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள், நாடு தானாக வந்து நிற்கும். ஆகஸ்ட் என்றால் மாரா அல்லது வடக்கு செரெங்கெட்டி, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை என்றால் தெற்கே. எங்களுக்குத் தனி ஜீப், தங்கல், சாப்பாடு, பூங்காக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஆளுக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம், விமானத்துக்கு அறுபத்தெட்டாயிரம் ஆனது. விசாவுக்கு ஐம்பது டாலர், இணையத்திலேயே வாங்கலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றிய விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நாங்கள் போட்டுக்கொண்டுதான் போனோம். போடுவதாக இருந்தால் கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட வேண்டும். காலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். அசைவக்காரர்களுக்கு ஹலால் தாராளமாகக் கிடைக்கும், என் போல வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பீன்ஸும் சோறும் உண்டு. விமான நிலையத்தில் ஜுமா எங்களைப் பார்த்து "சஃபாரி ஞ்ஜேமா" என்றார். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று அர்த்தம்.

ரம்ஜான் முடிந்து இரண்டாவது வாரம் நஸ்ரீனைச் சென்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். ஜுமா சொன்னதையே சொல்லி அனுப்பலாம் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அங்கே போனதும் அதைச் சொல்லவில்லை. அவள் கைப்பையைத் திறந்து, அந்த ரோலிலிருந்து ஒரு சிவப்பு அம்பைக் கிழித்து அவள் பெட்டியின் மேல் ஒட்டினேன்.

"இன்னாடி டிஃபெக்ட்டு?" என்றாள்.

"ஜோடியில ஒண்ணு கம்மி."

அவள் அந்த ஸ்டிக்கரைப் பிய்க்கவில்லை. விரலால் அழுத்தி நன்றாக ஒட்டிவிட்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவைத் தாண்டுவதற்குள் ஒரு தரம் திரும்பினாள்.

"ரிஜெக்ட் போட்டுடாத வசந்தி. ரீவொர்க்ல வை. வர்றேன்."