முத்திரை கலையாத அம்பாரம்

மேட்டுத்தாங்கல் காவல்காரன் சடையப்பனுக்குத் திருடர்கள் மேல் அவ்வளவாகக் கோபம் வந்ததில்லை. திருடுவது அவர்கள் வேலை, பிடிப்பது தன் வேலை என்று இருந்துவிடுவான். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்ததெல்லாம் பொருளுக்குச் சொந்தக்காரர்கள் மேல்தான். மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மாட்டை ஏரிக்கரையில் அவிழ்த்துவிட்டுவிட்டு ஊத்துக்கோட்டைக்கு சினிமா பார்க்க பஸ் ஏறுவார்கள். கிணற்று மோட்டார் கொட்டகைக்குக் கதவே வைக்காமல் நிலைக்கு மட்டும் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார்கள். அப்புறம் ஏதாவது ஒன்று காணாமல் போனால், காவல்காரன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று தெருவில் நின்று கத்துவார்கள். இவர்களையெல்லாம் பெற்றவர்களைச் சொல்ல வேண்டும் என்று சடையப்பன் தன் மனைவி செண்பகத்திடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவன் அப்பா காலத்திலிருந்தே அந்த ஊர்க் காவல் அவர்கள் குடும்பத்துக்குத்தான். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. அறுப்பு முடிந்து ஒவ்வொரு களத்திலும் நெல் அளக்கும்போது காவல்காரன் பங்கு என்று ஓரமாக ஒதுக்கி வைப்பார்கள். அந்த நெல்தான் அவன் வீட்டு அடுப்பு, அடுத்த அறுப்பு வரைக்கும். அதற்குப் பதிலாக ஊரில் அவன் காவலில் எது குறைந்தாலும் அதே பங்கிலிருந்து அவன் ஈடுகட்ட வேண்டும். இதுதான் பழக்கம். ஆள் பொல்லாதவன், ஒரு முறை காணாமல் போன ஜோடி எருதுகளின் குளம்படியைப் பார்த்துக்கொண்டே ஆற்றைத் தாண்டி ஆந்திரப் பக்கம் போய், சந்தையில் விலை பேசிக்கொண்டிருந்தவன் கையிலிருந்தே கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதனால் ஈடுகட்டும் பேச்சு அவன் நாளில் பெரிதாக எழுந்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வர ஆரம்பித்தன. செண்பகத்தின் தம்பி முனிகிருஷ்ணன் அதில் ஒன்றில் கேட் காவலாளியாகச் சேர்ந்துவிட்டான். காக்கிச் சட்டையும் விசிலுமாக வரும்போதெல்லாம், அங்கே வந்துவிடு மாமா, ஒரே ஒரு கேட்டு, அதைப் பார்த்துக்கொண்டால் போதும், மாசம் பிறந்தால் சம்பளம் என்று நச்சரிப்பான். கேட்டுக்கு எதற்குக் காவல், அதுதான் கேட்டாக இருக்கிறதே என்று சடையப்பன் கிண்டலடித்து அனுப்பிவிடுவான். ஊர்க்காவல் கோலைக் கையில் பிடித்தவன் இன்னொருவன் கொடுத்த விசிலை ஊதுவதா என்ற வீம்பு அவனுக்கு நிறையவே இருந்தது.

இப்படிப்பட்டவனையே பேஜார் பண்ணிவிட்ட ஆள் பூவராகவன். ஊரில் அதிக நிலம் அவருக்குத்தான். பொருளைப் பத்திரப்படுத்துவதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மாட்டுக்கொட்டகைக்கு ஆள் தலை அளவு பூட்டுப் போட்டார். கொட்டகையின் பின்சுவர் மழையில் விழுந்து வருஷக்கணக்காகிறது, அதைக் கட்டவில்லை. திருடனைக் கடிக்க நாய் வாங்கினார். அதற்குச் சோறு போடவில்லை, அது ஊரில் யார் கூப்பிட்டாலும் வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று. ரேடியோவில் விவசாயிகளுக்கு யாரோ சொன்னார்கள் என்று மண்வெட்டிக் காம்பிலெல்லாம் சிவப்பு பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் காய்வதற்காக ராத்திரி முழுக்க வெளியிலேயே வைத்தார், விடிந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சடையப்பன்தான் ஓட வேண்டும். அலைந்து தேடிக் கொண்டுவந்து கொடுத்தாலும், பெயிண்ட் சுரண்டிப் போயிருக்கிறதே என்பார் மனுஷர்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். உலைக்கு அரிசியை அவரே அளந்து கொடுப்பார். ஒரு தரம் நெய் குறைந்துவிட்டது என்று மனைவி லட்சுமியம்மாளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நெய்யைப் பூனை குடித்தது தெரிந்த பிறகும் உடனே அழைத்து வரவில்லை. அந்த அம்மாள் விடிந்தால் வயல், பொழுது சாய்ந்தால் அடுப்பு என்று உழைத்தவள். அவள் கையில் அவர் ஒரு டப்புக் காசு கொடுத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அந்தத் தை மாசம் பூவராகவன் களத்தில் நல்ல விளைச்சல். நெல்லைத் தூற்றி அம்பாரமாகக் குவித்தார்கள். உச்சி தம் மார்பு உயரத்துக்கு வருகிறது என்று பக்கத்தில் நின்று காட்டி அவரே பெருமைப்பட்டுக்கொண்டார். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்துத்தான் அளப்பேன் என்றார். நல்ல நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அதுவரை வழக்கப்படி முத்திரை. நாமம் செதுக்கிய வேப்பங்கட்டை அவர் வீட்டு முத்திரை. சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் கட்டையைத் தொட்டு அம்பாரத்தைச் சுற்றிலும் பதித்துவிடுவார்கள். யார் கை வைத்தாலும் நெல் சரியும், முத்திரை கலையும், திருட்டு தெரிந்துவிடும்.

முத்திரைக் கட்டையை யாரும் எடுத்துவிடக்கூடாது என்று பூவராகவன் அதை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவி தம்மிடம் இருந்தால் எங்காவது விழுந்துவிடும் என்று லட்சுமியம்மாளின் இடுப்பில் செருகச் சொன்னார். தினமும் விடிந்ததும் களத்துக்கு வந்து குனிந்து, அம்பாரத்தைச் சுற்றி வந்து, நாமம் நாமமாகப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவார். முத்திரையைப் பார்த்தாரே தவிர நெல்லைப் பார்க்கவில்லை.

பழவேற்காட்டு ஏரிப்பக்கத்துக் குப்பத்திலிருந்து குப்பாயி என்ற மீன்காரி அறுப்புக் காலத்தில் ஊர் ஊராக வருவாள். அவளுக்குக் காசு வேண்டாம். கருவாட்டுக்கு நெல், உலர்ந்த இறாலுக்கு நெல். பூவராகவன் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் மத்தியான வேளையில் அவள் கூடை களத்தின் ஓரம் இறங்குவதைச் சடையப்பன் பார்த்தான். லட்சுமியம்மாள் முறத்தால் நெல் அள்ளினாள். சரிந்த இடத்தைக் கையால் நிரவினாள். முந்தானையிலிருந்து கட்டையை எடுத்துச் சாம்பலைத் தொட்டு அழுத்தமாகப் பதித்தாள். பூவராகவனுக்குக்கூட அவ்வளவு நேர்த்தியாகப் பதிக்க வராது.

இது ஒரு நாளோடு நின்றிருந்தால் சடையப்பன் வாயையே திறந்திருக்க மாட்டான். குப்பாயி மறுபடி வந்தாள், மறுபடியும் வந்தாள். பூவராகவனிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். சொன்னால் அந்த அம்மாள் மறுபடி தாய் வீட்டுக்குத்தான். நெய்க்கே அனுப்பியவர் நெல்லுக்கு விடுவாரா? அதோடு, காவல்காரன் கண் வாசற்படியோடு நின்றுவிட வேண்டும், வீட்டுக்குள் நடப்பதை அவன் வெளியே சொல்லக்கூடாது என்பது அவன் அப்பா காலத்துச் சட்டம். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவளிடமே போய் நின்றான்.

“ஆத்தா, போதும். அம்பாரம் எறங்கிப்போச்சு. அளக்கற அன்னிக்கி என் தலதான் உருளும்.”

லட்சுமியம்மாள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“நாத்து நட்டது நானு, கள எடுத்தது நானு. அதுல ஒரு மொறம் அள்ளுனா திருட்டா? நீயே சொல்லு சடையப்பா.”

அவள் சொல்வது நியாயம் என்று சடையப்பனுக்குப் பட்டது. நியாயம் என்று பட்டதாலேயே எரிச்சல் இன்னும் ஏறியது. திருடனாக இருந்தால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். இதை என்ன செய்வது? தன் தலையில் தானே அடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

நல்ல நாள் ஒரு வழியாக வந்தது. நாலு பேர் முன்னால் பூவராகவன் அம்பாரத்தின் பக்கத்தில் போய் நின்றார். உச்சி மார்பிலிருந்து ஒரு சாண் இறங்கியிருந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. சுற்றிப் பார்த்தார், முத்திரை ஒன்றுகூடக் கலையவில்லை.

பிறகு அவர் போட்ட கணக்கில் யாராலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. முத்திரை இருக்கிறது, நெல் இல்லை. அப்படியானால் எவனோ இன்னொரு கட்டை செதுக்கி வைத்திருக்கிறான். இரவும் பகலும் களத்தில் கிடப்பவன் யார்? சடையப்பன். ஊரே தலையாட்டியது. எருதுகளைத் திரும்பப் பெற்றவரும் அதில் ஒருவர்.

அங்காளம்மன் கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னார்கள். கோயில் கல்லில் கற்பூரம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி உள்ளங்கையால் அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தால் குலம் விளங்காது என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பயம். பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சடையப்பன் தயங்கவே இல்லை. அந்த நெல்லில் ஒரு மணியைக்கூடத் தான் எடுக்கவில்லை என்று சொல்லிப் பட்டென்று அணைத்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். பூவராகவன் விடுகிற ஆளா?

“இன்னொரு கற்பூரம் ஏத்துங்க. எடுத்தது யாருன்னு தெரியாதுன்னு சொல்லி அணைக்கட்டும்.”

இரண்டாவது கற்பூரம் எரிந்தது. சடையப்பன் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. தெரியாது என்று அவனால் சொல்ல முடியாது. தெரியும் என்றால் யார் என்று கேட்பார்கள். கற்பூரம் குறுகி, கறுத்து, தானே அணைந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எடுத்தவன் இவனில்லை என்றால் இவனுக்கு வேண்டிய யாரோ, கூட்டுக் களவாணி என்றார்கள். இந்த வருஷத்துப் பங்கு முழுவதும் பூவராகவனுக்கு ஈடாகப் போக வேண்டும், காவலுக்கும் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். வருஷம் முழுக்க எதைக் கொண்டு கஞ்சி காய்ச்சுவது என்று செண்பகம் சத்தமாகவே அழுதாள்.

அப்போது லட்சுமியம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கற்பூரம் எரிந்த கல்லின் மேல் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நான்தான் எடுத்தேன். கருவாட்டுக் கொழம்பு நல்லா கீதுன்னு தட்ட வழிச்சித் துன்னியே, அந்தக் கருவாடு எங்கருந்து வந்திச்சின்னு ஒரு நாளாவது கேட்டியா? நீ குடுத்த டப்புல வாங்குனேனா?”

ஊரார் முன்னால் புருஷனை அவள் நீ என்று சொன்னதை அன்றுதான் கேட்டார்கள். சிலர் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். பூவராகவன் சாவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அம்மனையும் பார்த்தார். அவளை ஒன்றும் சொல்ல முடியாது; தாம் சாப்பிட்டது ஊருக்கே தெரிந்துவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சடையப்பன் பக்கம் திரும்பினார்.

“எடுத்தது யாராயிருந்தாலும் இவன் காவல்ல கீறப்பதானே கொறஞ்சிது. பழக்கம் பழக்கந்தானே. ஈடு கட்டித்தான் ஆவணும்.”

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் அதற்கும் தலையாட்டினார்கள். தான் இத்தனை காலம் கண் விழித்துக் காவல் காத்தது இந்தத் தலைகளுக்காகத்தான் என்று நினைத்தபோது சடையப்பனுக்கு வெறுத்தே போயிற்று. கோபம்கூட இல்லை, எல்லாம் விட்டுப்போயிற்று. அப்பா கொடுத்த கோலை எடுத்தான். லட்சுமியம்மாளின் முன்னால் போய் இரண்டு கையாலும் நீட்டினான்.

“புடி ஆத்தா. இனிமே நீயே காவல் பாரு. உனுக்குத் தெரியாம அந்தக் களத்துல ஒரு நெல்லு நவுராது.”

கேலி பண்ணுகிறானோ என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கேலி பண்ணவில்லை. லட்சுமியம்மாள் கோலை வாங்கிக்கொண்டாள். நேராகக் களத்துக்குப் போனாள். தன் கையாலேயே அம்பாரத்திலிருந்து சடையப்பனின் பங்கைப் பிரித்து ஒதுக்கினாள். முத்திரைகள் சரசரவென்று கலைந்தன. பூவராகவன் தடுக்க வரவில்லை.

அந்த நெல்லைக் கொண்டுபோய் வீட்டில் கொட்டிவிட்டுச் சடையப்பன் கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறினான். முனிகிருஷ்ணன் சொல்லி, அவன் வேலை செய்த ஆலையிலேயே கேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. உள்ளேயிருந்து வெளியே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்திப் பையைச் சோதிக்க வேண்டும், இரும்புத் துண்டு காணாமல் போகிறது, அதுதான் வேலை என்று சொல்லிக்கொடுத்தார்கள். தொழிலாளிகள் வரிசையில் வந்து டிபன் கேரியரைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் முதலாளி வீட்டு அம்மாளின் கார் உள்ளேயிருந்து வந்தது. முனிகிருஷ்ணன் விறைத்து நின்று சலாம் வைத்துக் கேட்டைத் திறக்கப் போனான். சடையப்பன் குறுக்கே போய்க் காரை நிறுத்திவிட்டான். டிரைவர் கத்தினான். முனிகிருஷ்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தான், அவங்க யார் தெரியுமா மாமா, இதெல்லாமே அவங்களோடதுதான் என்று கெஞ்சினான்.

அது சடையப்பனுக்கு நன்றாகவே தெரியும். அதற்காகத்தான் நிறுத்தியிருந்தான். கண்ணாடியை இறக்கிய அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பொறுமையாகச் சொன்னான்.

“டிக்கிய மட்டும் தொறந்து காமிச்சிடு ஆத்தா. அப்பாலிக்கா என்னத்தான் ஈடு கட்டச் சொல்லுவாங்க.”