கறுப்பு மணற்கரையில் ஒரு மெரூன் நைற்றி

"17.06.2012, ஞாயிறு. தீவு நேரம் பிற்பகல் 2.00. கரை இலக்கம் 9. காற்று குறைவு. ஆட்கள் இருவர். பெண்: மெரூன் நிற நீளச் சட்டை. ஆண்: முழுக் காற்சட்டை, சப்பாத்து, விரித்த குடை. எங்கட ஆக்கள் போலக் கிடக்கு."

இது என் குறிப்புக் கொப்பியின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. கடைசி வசனம் பதிவுக்குரிய மொழி அல்ல என்பது எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் கை அப்படித்தான் எழுதியது, எழுதியதை நான் அழிப்பதில்லை.

நான் இந்த மாதிரி விசயங்களை நம்புகிறவன் அல்ல. முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன், அதில் ஒரு பேய்கூடக் கிடையாது. பக்கத்து ஊரான திரிம்பாக்கில் உள்ள கோயிலுக்குப் போகிறேனே என்று கேட்பீர்கள், போகிறேன், அங்கே நல்ல வடையும் கிடைக்கும், அது வேறு கணக்கு. நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. நானும் நம்பவில்லை, பதிந்து மட்டும் வைத்திருக்கிறேன்.

என் மனைவி பவானிக்கு ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கடற்கரையில் பிறந்தவள், சுவிசுக்கு வந்த 1990க்குப் பிறகு கடலில் கால் வைக்கவில்லை. வீட்டுக்குக் கிட்டத்தான் ஆறு ஓடுகிறது, கொஞ்சத் தூரம் போனால் ஏரி, அதெல்லாம் அவளுக்குத் தண்ணீர், கடல் அல்ல. 2010இல் இத்தாலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரையை நான்தான் தெரிந்தெடுத்தேன். மணல், தூய்மை, கழிப்பறைத் தூரம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு முதலாவதாக வந்த கரை. போய்ப் பார்த்தால் சனம் மத்தி மீன் அடுக்கினமாதிரிக் கிடந்தது. பவானி குளிப்பது நைற்றியோடுதான். அவ்வளவு பேருக்கு முன்னால் நைற்றியோடு இறங்க மாட்டேன் என்று ஏழு நாளும் கரையில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துவிட்டு வந்தாள். ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

2012இல் அவளுடைய முழங்காலுக்கு ஐப்பசியில் சத்திரசிகிச்சை என்று முடிவானது. அதற்குப் பிறகு கடலில் எப்படி இறங்குவாளோ என்று அவளே ஒருநாள் பாத்திரம் கழுவும்போது சுவருக்குச் சொன்னாள். எனக்குக் கேட்டது. அன்றைக்கே லன்சரோட்டே என்ற எரிமலைத் தீவைத் தெரிந்தெடுத்தேன். சூரிச்சிலிருந்து நேரே பறக்கலாம். எரிமலை கக்கிய இடமென்றபடியால் ஒரு கரை போல மற்றது இல்லை, ஒன்று பொன் மணல், ஒன்று கரி மணல், ஒன்று வெறும் கல்லு. பதினான்கு கரைகளை அட்டவணையில் போட்டேன். இந்த முறை மற்றவர்களின் விமர்சனங்களை நம்பவில்லை. கரைகளில் பொருத்தியிருக்கும் கமராக்களை இணையத்தில் பார்த்து நானே ஆட்களை எண்ணினேன். உடுப்பில்லாதவர்களுக்குத் தனி நிரல். காலை முறை வேலை முடிந்து வந்து சோறு தின்றதும் கணினிக்கு முன்னால் இருப்பேன், பவானி தலையில் அடித்துக்கொண்டு போவாள்.

ஒன்பதாம் இலக்கம் ஒரு சின்னக் கறுப்பு மணற்கரை. பெயர் எழுத மாட்டேன். அதன் கமரா காணொளி அல்ல, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் போடும், மூலையில் நேரம் இருக்கும். எப்போது பார்த்தாலும் ஆள் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இருவர் இருந்தார்கள்.

பவானி கத்தரிக்காய் வெட்டின கத்தியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அது என்ர நைற்றி."

"உன்ர நைற்றி பல்கனியில காயுது."

"காயட்டும். இது அதுதான்."

மகள் அபி படத்தைப் பெருப்பித்தாள். "அம்மா, இது வெறும் நாலு சதுரம்."

"நாலு சதுரமும் என்ர நைற்றிதான். பக்கத்தில நிக்கிற ஆளைப் பார். அந்த வெயிலுக்க சப்பாத்தும் குடையுமாக் கடற்கரையில நிக்கிற ஆம்பிளை இந்த ஐரோப்பாவில வேற ஆர்?"

அபி சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தாள். நானும் சிரித்தேன். 2.15 படத்தில் பெண் முழங்காலளவு தண்ணீரில், ஆண் அதே இடத்தில். 2.30 படத்தில் ஆண் மட்டும், மற்றக் கையில் ஒரு சோடிச் செருப்பு. பெண் இல்லை, கரையிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. 2.45க்குப் பக்கம் திறக்கவில்லை.

"அம்மா எங்க போனவ?" என்றாள் அபி. அந்தப் பெண் எங்கே என்று அவள் கேட்கவில்லை. அப்போதுதான் எங்கள் சிரிப்பு நின்றது.

அன்று இரவே ஒன்பதாம் இலக்கத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "காற்று" என்று எழுதினேன். என் பதிவுகளில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அதுதான். பவானி இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஒன்பதாம் நம்பர் எங்கயப்பா?"

"காத்துக் கூட."

"காத்துக் குறைவெண்டு நீங்கள்தான் எழுதியிருக்கிறியள். இஞ்ச பாருங்கோ."

"மூண்டாவது படத்தில நீ இல்லை, பவானி."

"நான் நீந்தி அங்கால போயிட்டன். உங்களுக்கு எழுதத் தெரியும், எனக்கு நீந்தத் தெரியும்." பிறகு கொப்பியை மூடி என் கையில் தந்தாள். "சனமில்லை. பாக்க ஒருத்தருமில்லை. நைற்றியோட இறங்கலாம். இவ்வளவு நாளாக் கோடு கீறித் தேடினது இதைத்தானே. கிடைச்ச பிறகு ஏன் ஒளிக்கிறியள்?"

ஒன்பதாம் இலக்கத்தைத் திரும்ப அட்டவணையில் எழுதினேன். வெள்ளிக்கிழமை கோயிலில் குணத்திடம் சொன்னேன். என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்கிறவன், வாயைத் திறந்தால் நக்கல்.

"அண்ணை, சின்ன வேலை. படத்தில இருக்கிறதைச் செய்யாதேங்கோ. குடையை விட்டிட்டுப் போங்கோ, சப்பாத்தை விட்டிட்டுப் போங்கோ, ரெண்டு மணிக்குப் போகாதேங்கோ. பிறகு படம் என்ன செய்யும்? வழக்குப் போடுமோ?"

நம்பாதவன் ஏன் அதைக் கேட்டான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நம்பவில்லை, முன்னெச்சரிக்கை. குடையை வீட்டில் வைத்தேன். எனக்குப் புதுச் செருப்பும் அவளுக்கு நீல நைற்றியும் வாங்கினேன். புறப்பாடு காலை 9.40 பஸ் என்று எழுதினேன்.

05.09.2012, புதன். லன்சரோட்டே விடுதியில் பெட்டியைத் திறந்தால் குடை இருக்கிறது. "வெயில் வெயிலெண்டு நீங்கள்தானே அழுவியள், அதுதான் வைச்சனான்" என்றாள். நீல நைற்றி புதுத்துணி, சாயம் போகும் என்று ஓல்டனிலேயே விட்டுவிட்டு மெரூனைக் கொண்டுவந்திருந்தாள். பஸ் தரிப்பில் என் செருப்பின் வார் அறுந்தது, திரும்பிப் போய் விமானத்துக்குப் போட்டு வந்த சப்பாத்தைப் போட்டேன், அதற்குள் 9.40 பஸ் போய்விட்டது, அடுத்தது வழியில் பழுதாகி நின்றது. கரையில் இறங்கும்போது மணிக்கூட்டைப் பார்த்தேன். 1.52.

"பவானி, கொஞ்சம் பொறுத்து இறங்குவம். மூண்டு மணிக்கு."

"இருவத்திரண்டு வருசம் பொறுத்திட்டன்," என்று செருப்பைக் கழற்றி என் கையில் தந்தாள்.

மணல் அடுப்புக்கரி போலச் சுட்டது. கரையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. பூட்டிக் கிடந்த ஒரு சாப்பாட்டுக் கடையின் கூரையில் அந்தக் கமரா இருந்தது, எங்களையே பார்த்துக்கொண்டு. நான் செருப்பை வைத்துவிட்டு அப்பால் போகலாம் என்று நினைத்தேன், ஆனால் அவள் தண்ணீருக்குள் இருக்கும்போது அசைய மனம் வரவில்லை. 2.15க்கு முழங்காலளவு. பிறகு இடுப்பளவு. பிறகு தலை மட்டும். 2.27க்கு ஒரு அலை வந்து போனது, தலையைக் காணவில்லை.

நான் நீந்தத் தெரியாதவன். அதையும் பதிந்துகொள்ளுங்கள். குடை, செருப்பு எல்லாவற்றையும் எறிந்துவிட்டுச் சப்பாத்தோடு, காற்சட்டையோடு, சட்டைப் பையில் கொப்பியோடு இறங்கினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம், எனக்கு நினைவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது பக்கத்தில் நீர்க்காகம்போல ஒரு தலை எழும்பியது.

"என்னப்பா, சப்பாத்தோட?"

"கையைப் பிடி. ரெண்டரையாகப் போகுது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சை விடுங்கோ முதல்ல. நீங்கள்தான் தாழப்போறியள்," என்றாள். அப்படியே நின்றோம், அலை வரும்போதெல்லாம் அவள் என்னைத் தூக்கிவிட்டாள். மணிக்கூடு நனைந்தும் ஓடியது. 2.30, 2.35, 2.40. கரையில் ஒருவரும் இல்லை, இருவரும் தண்ணீரில். படம் பொய்த்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் இன்னும் ஒரு மணித்தியாலம் நீந்தினாள். நான் ஈரச் சப்பாத்தோடு கரையில் இருந்து, முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒன்றையும் எழுதாமல், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.05 பஸ்ஸில் ஏறினோம். பவானி காய்ந்த சட்டைக்கு மாறியிருந்தாள், நைற்றி மடியில் பிளாஸ்ரிக் பையில் சொட்டிக்கொண்டிருந்தது. 4.15க்கு அபி பேர்ண் நகரில் தன் வேலை இடத்திலிருந்து போன் எடுத்தாள். அங்கே 5.15.

"அப்பா, இப்பதான் கணினியில பாத்தன். நீங்கள் எங்க நிக்கிறியள்? படத்தில உங்களைக் காணேல்லை."

"நாங்கள் பஸ்ஸில, பிள்ளை."

"ஆர் நாங்கள்?"

"நானும் அம்மாவும்."

"அப்பா, அம்மா தண்ணிக்க நிக்கிறா. நெஞ்சளவில. மெரூன் நைற்றி. மூலையில நாலேகால் எண்டு கிடக்கு."

நான் பவானியைப் பார்த்தேன். அவள் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டிருந்தாள். விரலைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"தனியவோ நிக்கிறா?"

"ஓம் அம்மா."

"பயந்தமாதிரியோ?"

"இல்லை. சும்மா, பேசாம நிக்கிறா."

"அப்ப விடு, பிள்ளை. ஆசைதீர நிக்கட்டும்." போனை என்னிடம் தந்துவிட்டு யன்னலுக்கு வெளியே கருகிய மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பழைய படம் மாறாமல் நின்றிருக்கலாம் என்று குணம் சொல்கிறான். அப்படியென்றால் அந்தப் படத்தில் நெஞ்சளவில் நானும் நிற்க வேண்டும், அல்லது கரையில் இருக்க வேண்டும். அபி 4.30க்கும் 4.45க்கும் 5.00க்கும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் நேரம் மாறியது, வெளிச்சம் மாறியது, அந்தப் பெண் நின்றார். பிறகு அபியின் ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அதற்கு மேல் பார்க்க ஒருவரும் இல்லை. ஊர் திரும்பியதும் கமராவின் பொறுப்பாளர் என்று இணையத்தில் இருந்த முகவரிக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஐப்பசியில் பவானியின் முழங்கால் நல்லபடி முடிந்தது.

கொப்பி காய்ந்த பிறகு அந்த நாளின் பதிவை முழுவதுமாக எழுதினேன். ஒரு நிரல் மட்டும் இன்னும் இப்படியே கிடக்கிறது: பெண் கரையேறிய நேரம், உறுதிசெய்யப்படவில்லை.