தங்கை மண்டபத்துக்குள் நுழைய ஒரு இசை

ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும், குளித்துச் சாப்பிட்டு மடிக்கணினியைத் திறந்துவிடுவேன். கணினியில் இசை செய்யக் கற்றுத்தரும் காணொளிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் படுக்கையறையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். நான் என் படுக்கையறையில் உட்கார்ந்து கேட்பேன். அம்மாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "அந்தப் பொட்டிய தொறந்துட்டா இவளுக்கு வீடே தெரியாதுலா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

தங்கை மட்டும் என்னை நம்பினாள். கல்யாண விருந்தன்று மாப்பிள்ளையோடு மண்டபத்துக்குள் நடந்து வருவதற்கு நான்தான் இசை செய்ய வேண்டும் என்றாள். அம்மா ஒரேயடியாக மறுத்தார். கடைசியில், மாப்பிள்ளையின் அம்மா வந்து கேட்கட்டும், அவர் சரியென்றால் சரி என்று முடிவானது. அவருக்குப் பிடிக்காவிட்டால் தங்கை ஏதாவது சினிமாப் பாட்டுக்கு நடப்பாள். நானும் இனி வீட்டில் இசை என்று வாயைத் திறக்க முடியாது.

உங்களைச் சுற்றியுள்ள ஓசைகளைப் பதிவு செய்யுங்கள் என்பார் காணொளிக்காரர். பழைய ரப்பர்த் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பதிந்த உருமி மேளம் என் கைப்பேசியில் இருந்தது. நன்றாகத் துள்ளிய ஒரு துண்டை வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, மேலே மின்னிசை சேர்த்தேன். என்னைப் போலக் கற்பவர்கள் கூடும் இணையக் குழுவில் போட்டதும் பாராட்டு குவிந்தது. பனி கொட்டும் நாட்டிலிருந்து ஒருவர், இதைக் கேட்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறன்று புந்தோங்கிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். இசையை ஒலிக்கவிட்டேன். முதலில் புன்னகைத்தார். பிறகு தோள் குலுங்கியது. கொண்டை அவிழ்ந்தது. "ஏய்!" என்று கத்திக்கொண்டே எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார். சாமி வந்துவிட்டது! அப்போதுதான் உறைத்தது, நான் வெட்டியெடுத்தது சாமியை அழைக்கும் அடி. திரையில் வெறும் நீலப் பட்டையாக இருந்ததால், அது எதற்கான அடி என்று நான் யோசிக்கவே இல்லை.

"நிறுத்துக்கா!" என்று தங்கை அலறினாள்.

"நிறுத்தாதடி! சாமி நிக்கறப்ப மேளத்த பட்டுனு நிறுத்தக் கூடாது!" என்று அம்மா விபூதிக்கு ஓடினார்.

உருமிக்காரர்கள் அடியை மெல்ல மெல்லத்தான் இறக்குவார்கள். காணொளியில் கற்றபடி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஆட்டமும் கூடவே தணிந்தது. ஒலி தேய்ந்து அடங்க, அம்மா விபூதி பூசிவிட்டார். சாமி மலையேறியது.

மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் குடித்து, கொண்டையை முடிந்துகொண்டு கேட்டார்: "யாரு செஞ்சது?"

"நான்தான் அத்தை."

"மண்டபத்துல இந்த அடி வேணாம்லா. பட்டுச்சேலையோட நான் எங்க போய் ஆடுறது?"

தங்கையின் முகம் வாடியது.

"அடிய மட்டும் மாத்திரு. பாட்டு நீதான் செய்யணும், ஆமா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவரை வழியனுப்பிவிட்டு வந்த அம்மா, தரையில் சிந்திய விபூதியைத் துடைத்தபடி சொன்னார்: "நீ போய் அந்தப் பொட்டிய தொற. சாமியே கேட்டுருச்சு, நான் யாரு வேணாங்கறதுக்கு?"