ஆறு சீட்டுக்கட்டும் ஒரு ஒன்பதும்

ரீனோ நகரத்துப் பலசரக்குக் கடை ஒன்றில் வெல்டா ஹாஸ்கெட் பத்தொன்பது வருஷம் கல்லாவில் நின்றவள். இயந்திரம் கூட்டி முடிப்பதற்குள் மொத்தத் தொகை அவள் வாயில் வந்துவிடும். ஒரு சனிக்கிழமை வரிசையில் நின்ற ஓரின் புரூயிட் அதைக் கவனித்துவிட்டான்.

"உனக்குச் சீட்டாட்டம் தெரியுமா?"

"உன் முட்டைல ரெண்டு உடைஞ்சிருக்கு. மாத்திட்டு வா, வரிசை நிக்குது."

சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டு வந்தான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கு அடுத்த வருஷம் வெல்டா வேலையை விட்டாள்.

பதினொரு வருஷம் இருவரும் பிளாக்ஜாக் மேசைகளில் பிழைத்தார்கள். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டு இருபத்தொன்றைத் தாண்டாமல், சீட்டுப் போடுகிறவளின் கூட்டைவிட மேலே நிற்க வேண்டிய ஆட்டம். அவள் சின்னப் பந்தயம் வைத்து உட்கார்ந்தபடி எண்ணுவாள். இரண்டு முதல் ஆறு வரை உள்ள சீட்டு விழுந்தால் ஒன்று கூட்டு. பத்து, படம், ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. எண்ணிக்கை ஏறினால் மிச்சமிருப்பதில் பெரிய சீட்டுகள் அதிகம். ஆடுகிறவன் கை ஓங்கும். அப்போது சீட்டுப் போடுகிறவளிடம் வெல்டா ஊர்க்கதை பேசுவாள். பேச்சில் "செருப்பு" வந்தால் இரண்டு. "பிள்ளை" வந்தால் ஒன்பது, வயிற்றில் இருக்கும் மாசக் கணக்கு. எங்கோ காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் ஓரின், வழி தெரியாத பணக்காரன்போல வந்து பெரிய பந்தயம் வைப்பான்.

எல்லாம் ஒற்றைக்கட்டு மேசைகள். ஐம்பத்திரண்டே சீட்டு. நாலு சின்னச் சீட்டு போனாலே ஆட்டத்தின் முகம் மாறிவிடும். பாதிக் கட்டு மிச்சமிருக்கும்போது நாலு எண்ணினால் அதன் மதிப்பு எட்டு. அவள் மனத்தில் எந்த எண்ணும் பெரிதாகத்தான் ஆகும், சிறுத்ததே கிடையாது.

பிறகு சூதாட்ட விடுதிகளின் கதவு ஒவ்வொன்றாக மூடியது. "உங்க ஆட்டம் எங்களுக்குத் தாங்காதுங்க, வேற எது வேணும்னாலும் ஆடுங்க" என்று மேற்பார்வையாளர்கள் பணிவாக எழுப்பிவிட்டார்கள். எழுப்பாத இடங்களில் பத்து டாலர் வைத்தவனுக்கு ஏஸும் பத்தும் சேர்ந்த பிளாக்ஜாக் விழுந்தால் பதினைந்து தராமல் பன்னிரண்டு தந்தார்கள். அந்தக் கூலிக்கு எண்ணி ஆடுவதும் சும்மா இருப்பதும் ஒன்று.

மிச்சம் ஆற்றங்கரை விடுதியின் ஆறுகட்டு மேசை. முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள். அங்கே எண்ணிக்கையை மிச்சமிருக்கும் கட்டுகளால் வகுத்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் வார வாடகை அறையில் உட்கார்ந்து பழகினாள்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை காலை, பிஸ்கட் ரொட்டியும் இறைச்சிக் குழம்பும் தின்றபடி ஓரின் சொன்னான்.

"பையில எட்டாயிரம் இருக்கு. இதுவும் போச்சுன்னா நான் பாய்ஸிக்கு என் தம்பிகிட்ட போயிருவேன் வெல். எனக்கு அறுபத்திமூணு. இன்னொரு தடவ முதல்ல இருந்து என்னால முடியாது."

"நான்?"

"அவன் பொண்டாட்டிக்கு உன்னைக் கண்டா ஆகாது. தெரியும்ல."

தெரியும். அந்தப் பை தீர்ந்தால் ஓரினும் இல்லை.

பதினோரு மணிக்கு மேசையில் உட்கார்ந்தாள். சீட்டுப் போட்டவள் மைட்டே, கடை நாளிலிருந்து பழக்கம். முதல் கட்டு முடிவதற்குள் சின்னச் சீட்டுகள் கொட்டின. எண்ணிக்கை ஆறு, ஏழு, எட்டு... ஒன்பது.

"மைட்டே, என் அக்கா மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, சொன்னேனா?"

"அடடா! ஆணா பொண்ணா, செல்லம்?"

ஓரின் வந்து உட்கார்ந்தான். மேசையின் இரண்டு பந்தயக் கட்டத்திலும் ஆயிரம் ஆயிரமாக வைத்தான். ஒன்பது என்ற எண் அவர்கள் வாழ்வில் நாலைந்து முறைதான் வந்திருக்கிறது.

சீட்டு வழுக்கி வந்தபோதுதான் வெல்டாவின் கண் பெட்டிமேல் விழுந்தது. உள்ளே ஐந்து கட்டு இருந்தது. ஒன்பதை ஐந்தால் வகுத்தால் இரண்டுகூட முழுசாக இல்லை. செருப்பு. செருப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். நூறு டாலர் வைக்க வேண்டிய இடம்.

அவனை எழுப்பவும் ஒரு சொல் இருந்தது: "தலைவலி". நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சுற்றில் இரண்டாயிரமும் போனது. ஆனால் மேலும் சின்னச் சீட்டுகளே விழுந்திருந்தன. எண்ணிக்கை பதினாலு; வகுத்தால் மூன்று. இப்போது நிஜமாகவே நமக்குச் சாதகம்தானே, இருக்கட்டும் என்று நினைத்தாள். தலைவலி வாய்க்குள்ளேயே நின்றது.

மிச்சத்தில் பாதியை வைத்திருந்த ஓரின் கையில் பதினொன்று. மைட்டேயின் முன் ஆறு. எவனும் பந்தயத்தை இரட்டிப்பான். இரட்டித்தான். மூன்று வந்தது. மைட்டே ஐந்தை எடுத்தாள், பிறகு பத்தை எடுத்தாள்.

"இருபத்தொண்ணு," என்றாள் மெதுவாக. "மன்னிச்சுக்கோங்க சார்."

பன்னிரண்டரை மணிக்குப் பை காலி.

வண்டி நிறுத்துமிடத்தில் காற்று மணலை வாரி அடித்தது. ஓரின் காரில் சாய்ந்து நின்றான்.

"வகுத்துட்டுத்தானே சொன்ன?"

"வகுத்தேன்," என்றாள்.

அவன் தலையாட்டினான். கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப முடிஞ்சுது வெல். ஒம்பதுலயே ஜெயிக்க முடியலன்னா இனிமே எதுல ஜெயிக்கப் போறோம்? நீ தப்பாச் சொல்லியிருந்தா எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும். தப்புன்னா திருத்திக்கலாம். காரை வித்துட்டு இன்னொரு வருஷம் பார்க்கலாம். இது தப்பில்லையே. என்ன பண்றது?"

நாலு மணிப் பேருந்துக்குக் காரிலேயே போனார்கள். ஒரு பெட்டி, ஒரு கோட்டு. சாவியை அவள் கையில் வைத்தான்.

பேருந்தின் கதவு திறந்தபோது அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஓரின், நான் வகுக்கல. ஒற்றைக்கட்டு ஞாபகத்துல அப்படியே சொல்லிட்டேன். அது ஒம்பது இல்ல. ரெண்டுகூட இல்ல. செருப்புன்னு சொல்லியிருக்கணும்."

அவன் அவள் பிடியை மெல்ல விடுவித்தான். பிறகு பலசரக்குக் கடை வரிசையில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான்.

"பதினொரு வருஷத்துல நீ ஒரு கணக்குகூடத் தப்பா சொன்னதில்ல. என்னை நிறுத்தி வைக்கணும்னு உன் தலைல பழியைப் போட்டுக்காத."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"பொய் உனக்கு வரவே மாட்டேங்குது, வெல்."

படியேறி உள்ளே போய் அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். இந்தப் பக்கம் நின்றவளுக்கு அவன் தலைகூடத் தெரியவில்லை. பேருந்து கிளம்பும்வரை அவள் கண்ணாடிகளை எண்ணிக்கொண்டு நின்றாள்.