சேவ்பாயின்ட் போட்ட சூரன்

கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லவே எட்டு மாதம் எடுத்துக்கொண்டவன் நான். எதையும் முடிவாகச் செய்துவிட எனக்குப் பயம். ஆஸ்பத்திரி டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கும் வேலைக்கு இந்தக் குணம் ரொம்பப் பொருத்தம் என்று பதினொரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை ஐந்து வார்டு நோயாளிகளின் பட்டியலைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காது என்கிற பட்டியல். பழைய கணினியை முந்தின நாளே நிறுத்தியாகிவிட்டது; அதிலிருந்து எடுத்த கோப்பில் எல்லாமே குறியீட்டு எண்கள், ஏற்றினால்தான் படிக்க முடியும். பதினோரு மணிக்கு டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொரு வார்டும் முடிந்ததும் ஒரு சேவ்பாயின்ட் போட்டேன், அதாவது தப்பு நேர்ந்தால் அதுவரை மட்டும் திரும்பிவர ஓர் அடையாளம். ஐந்தாவதில் ஒருவருடைய மருந்து இன்னொருவர் பெயருக்குப் போய்விட்டது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. கணினியை நாலாவது சேவ்பாயின்டுக்குத் திரும்பச் சொன்னேன். ஐந்தாவது மட்டும் அழிந்தது, மற்ற நாலும் அப்படியே நின்றன. அதைச் சரிசெய்து மறுபடி ஏற்றினேன்.

பின்னால் நின்ற பெரிய சிஸ்டரிடம் இதைப் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? பத்து நிமிடம் பாடம் நடத்தினேன்.

"என் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியலையே சார்?"

"வரும் சிஸ்டர், வரும்" என்று லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சேவ்பாயின்ட் நூறு போட்டாலும், கடைசியில் கமிட் என்று ஒரு வார்த்தை அடிக்காவிட்டால் எதுவும் பதிவாகாது. மகா கெட்டிக்காரன் அதை மட்டும் மறந்துவிட்டேன். டீ குடித்துத் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது: மூடியதும் தொடர்பு அறுந்து, ஐந்து வார்டும் போச்சு. பழைய குருடி கதவைத் திறடி.

"மறுபடி ஏத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் சிஸ்டர்.

"ரெண்டு மணி நேரம்."

கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே கால். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு கட்டு வெள்ளைத் தாளை எடுத்துப் பாதியை என் கையில் திணித்தார். "அஞ்சாவது வார்டு உங்களுக்கு. ஒவ்வொருத்தரா கேட்டு எழுதுங்க."

அந்த வார்டுக்குள் நான் காலடி வைத்ததே அன்றுதான். வெட்கத்தில் காது சுட்டது. மூன்றாவது கட்டிலில் இருந்தவர் பென்சிலின் என்றார். நான் ஒழுங்காக எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தார்.

"போன தடவை ஊசி போட்டதும் மூச்சே நின்னு போச்சு. இதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குமே தம்பி?"

"கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் இருந்துச்சுங்க" என்றேன்.

அதுவும் பொய். புதிய கணினியில் என் கண்ணைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அது ஒரு நிமிடம்கூடத் தெரிந்ததில்லை.